வலைப்பூ மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன மாதம் ஒரு ராத்திரி சித்தி போன் செய்தார். "நான் எழுதினதெல்லாம் போச்சுடா, திறந்தா ரம்மி ஆட வாங்கன்னு கூப்பிடுது" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. 2009-லிருந்து கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் சமையல் வலைப்பூ வைத்திருக்கிறார். நானூறு பதிவுக்கு மேல் இருக்கும். எங்கள் பாட்டியின் கைப்பக்குவம் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை, அதில்தான் இருக்கிறது. பார்த்தால் ஒரு பதிவுகூடப் போகவில்லை. பக்கப்பட்டையில் என்றைக்கோ ஒட்டிய ஒரு பழைய விட்ஜெட்தான் (பக்கத்தின் ஓரத்தில் ஒட்டும் குட்டிப் பெட்டி) வேலையைக் காட்டியிருந்தது. அதை எடுக்கப் போய், அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வலைப்பூ முழுவதையும் துடைத்து வைத்தோம். அப்போது கண்டதையும், அதற்கு முன் நண்பர்களின் தளங்களில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும்

பிரதி எடுங்கள். பிளாகரில் செட்டிங்ஸ் பகுதியில் கீழே போனால் 'பேக் அப்' இருக்கும், கூகுள் டேக்அவுட் வழியாகவும் எடுக்கலாம். பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். வார்ப்புருவை, அதாவது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்பை, 'தீம்' பகுதியிலிருந்து தனியாக இறக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வேர்ட்பிரஸில் 'டூல்ஸ்' உள்ளே 'எக்ஸ்போர்ட்'. இரண்டு கோப்பிலும் படங்கள் இருக்காது, படம் எங்கே கிடக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். அதனால் முக்கியமான படங்களைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். கோப்பு இறங்கியதும் அதைத் திறந்து, உங்கள் பழைய பதிவு ஒன்றின் வரி உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி வேலையில் இறங்காதீர்கள்.

பக்கம் வேறு எங்கோ கொண்டுபோய் விடுகிறது

சித்திக்கு வந்தது இதுதான். ஒரு காலத்தில் நாம் எல்லோருமே பக்கப்பட்டையில் என்னென்னவோ ஒட்டினோம்: பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகளின் வாக்குப்பட்டை, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணி, எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று கொடி காட்டும் பெட்டி, பனி கொட்டும் நிரல். ஒவ்வொன்றும் வேறொருவர் சர்வரிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை, அதாவது குட்டி நிரலை, இழுத்துவந்து நம் பக்கத்துக்குள் ஓட்டும். அந்தச் சேவை நின்று, அதன் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிக்கொண்டால், அவர்கள் வைக்கும் ஸ்கிரிப்ட் நம் வலைப்பூவுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். கதவை நாமே என்றைக்கோ திறந்து வைத்துவிட்டு மறந்துபோன கதை. கடவுச்சொல்லை மாற்றினால் இது போகாது, ஏனென்றால் யாரும் உள்ளே நுழையவே இல்லை.

நமக்குத் தெரியாமல் வாசகருக்கு மட்டும் தெரிவதும் உண்டு. சில ஸ்கிரிப்டுகள் போனில் திறந்தால்தான் திருப்பிவிடும், சில முதல் தடவை வருபவரை மட்டும். அதனால் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து, போனில், இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பாருங்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி பாதி பாதியாக எடுப்பது. லேஅவுட்டில் இருக்கும் விட்ஜெட்டுகளில் பாதியை எடுத்துவிட்டு, பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொல்லை நின்றதென்றால் எடுத்த பாதியில் இருக்கிறது, நிற்கவில்லை என்றால் மிச்சப் பாதியில் இருக்கிறது. பதினாறு விட்ஜெட் இருந்தாலும் நாலு தடவையில் பிடித்துவிடலாம். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் தொல்லை இருந்தால் அது வார்ப்புருவுக்குள் இருக்கிறது. இறக்கி வைத்த வார்ப்புருக் கோப்பில் 'ஸ்கிரிப்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடி, எந்தெந்தத் தளத்தின் பெயர் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இலவச வார்ப்புரு தரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், அதைச் சுத்தம் செய்து நேரத்தைப் போக்காமல் பிளாகர் தரும் சொந்த வார்ப்புருவுக்கு மாறிவிடுங்கள். சித்தியின் பக்கத்தில் பதினொரு விட்ஜெட் இருந்தது. தேடல் பெட்டி, லேபிள்கள், பழைய பதிவுகள் என்று மூன்று போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

பக்கம் திறக்கவே நேரமாகிறது

மேலே சொன்ன விட்ஜெட்டுகளே பாதிக் காரணம். செத்துப்போன சர்வரிடம் கேட்டுவிட்டுப் பதில் வரும் என்று பிரவுசர் காத்துக்கொண்டிருக்கும். மீதிக் காரணம் படங்கள். இன்றைய போனில் எடுக்கும் படம் நாலாயிரம் பிக்சல் அகலம், மூன்று நாலு எம்பி எடை. வலைப்பூவில் எழுத்து ஓடும் பத்தியின் அகலமோ எழுநூறு பிக்சல் சொச்சம். அப்படியே ஏற்றினால், செய்முறை விளக்கப் பதிவில் பத்துப் படம் என்றால், வாசகர் முப்பது எம்பி இறக்க வேண்டும், அதுவும் பஸ்ஸில் போகும்போது. ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரத்தை 75 அல்லது 80-இல் வைத்துச் சேமியுங்கள், ஒரு படம் 200 கேபிக்குள் அடங்கிவிடும். கூகுளின் ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் பிரவுசரிலேயே இதைச் செய்யலாம். வெப்பி என்ற பட வடிவம் இன்னும் சிறியதாக இருக்கும்.

வேகத்தை அளந்து பார்க்க கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இருக்கிறது. அதில் நூறுக்கு எத்தனை என்று மதிப்பெண் வரும், அதைத் துரத்தாதீர்கள். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரிய எத்தனை வினாடி ஆகிறது என்ற வரியைப் பாருங்கள், 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது கூகுள். முதல் பக்கத்தில் முழுப் பதிவுகளாக இருபது கிடந்தால் எந்த வித்தையும் பலிக்காது. ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் 'மேலும் வாசிக்க' போட்டுவிடுங்கள்.

தமிழ் தமிழாகத் தெரியவில்லை

இதில் நான்கைந்து வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எந்த வகை என்று பார்க்காமல் கையை வைத்தால் இருப்பதும் கெடும்.

'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பதிவு. எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் இன்றைய பொது முறை) மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உள்ளன, வெட்டி ஒட்டினால் போதும். ஆனால் நடுவில் உண்மையிலேயே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் கன்னாபின்னாவென்று மாறிவிடும், எனவே பத்தி பத்தியாக மாற்றி, மாற்றிய உடனே வாசித்துப் பாருங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வர்த்தக முத்திரையும் மாறி மாறி வந்தால் பயப்படவே வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் தப்பு. யூனிகோடைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகைச் சர்வர்) மாற்றிய பிறகு வேர்ட்பிரஸில் இது வரும். நீங்கள் எடுத்து வைத்த பிரதியைத் திறந்து பாருங்கள். அதில் தமிழ் சரியாக இருந்தால், தரவுத்தள இணைப்பின் எழுத்துக்குறியாக்கத்தை மாற்றுவதோடு முடிந்தது. பிரதியிலேயே அப்படி இருந்தாலும் பெரும்பாலும் திருப்பி எடுத்துவிடலாம்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு. தமிழைத் தாங்காத தரவுத்தளத்துக்குள் போகும்போதே எழுத்து அழிந்து, அந்த இடத்தில் கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. பழைய பிரதியோ, இணையப் பக்கங்களின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினோதான் கதி. புதிய ஹோஸ்டிங்குக்குப் போகும்போது முதலில் ஒரே ஒரு பதிவை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஏற்றச் சொல்வது இதனால்தான்.

கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் தெரிந்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றும் கருவி அரைகுறையாக வேலை செய்த பதிவுகளில் இது கிடக்கும்.

கடைசி வகை கண்ணுக்கே தெரியாது, என்னைக் கேட்டால் தமிழ் வலைப்பூக்களில் அதிகம் கிடப்பது இதுதான். 'கௌரி' என்பதை கௌ ஒரே எழுத்தாக அடிக்காமல் கெ, ள, ரி என்று மூன்றாக அடித்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடும்போது கிடைக்காது, பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானில் கேட்டால் 'கெளரி' என்று தப்பாக ஒலிக்கும். தமிழ் எண் ஏழுக்கும் 'எ' எழுத்துக்கும் இதே குழப்பம். காலுக்குப் பதில் 'ர' போட்டிருக்கும் பழைய பதிவுகளும் உண்டு. இதைத் திருத்தும்போது ஒரு எச்சரிக்கை: கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்று என்று கணினியிடம் சொல்லிவிடாதீர்கள். வெள்ளி, தெளிவு, வெளியே, கெளுத்தி மீன் எல்லாம் ஒரே நொடியில் சிதைந்துவிடும். கௌரி, கௌரவம், சௌகரியம், பௌர்ணமி, மௌனம், ஔவை என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள், ஒரு இருபது சொல்லுக்குள் அடங்கிவிடும். சித்தியின் வலைப்பூவில் 'சௌசௌ கூட்டு' தேடினால் வராமல் இருந்ததற்கு இதுதான் காரணம். இருபது நிமிட வேலை, ஏழு வருடமாக அந்தப் பதிவு யார் தேடலிலும் சிக்காமல் கிடந்திருக்கிறது.

எழுத்து சரியாக இருந்தும் வாசிக்கக் கண் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டு பக்கமும் சமமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரையில் ஒரு வரிக்கு நாலு சொல்தான் வரும், சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடதுபக்கம் மட்டும் ஒட்டவிடுங்கள். வரி இடைவெளி 1.6-க்கும் 1.8-க்கும் நடுவில் இருக்கட்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்து நம்முடையது, ஆங்கிலத்துக்குப் போட்ட இடைவெளி பத்தாது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஒன்றை மட்டும் எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு கோப்பு, பக்கம் கனத்துவிடும்.

கூகுளில் தேடினால் என் வலைப்பூ வருவதே இல்லை

முதலில் வலைப்பூ கூகுளுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை அடியுங்கள். ஒன்றுமே வரவில்லையா? தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு பொத்தான் எங்கோ அழுந்தியிருக்கலாம். வேர்ட்பிரஸில் 'ரீடிங்' பகுதியில் இருக்கிறது, தளம் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள். பிளாகரில் 'பிரைவசி' தலைப்பின் கீழ் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை, அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியலை, கொடுங்கள். உடனே எதுவும் நடக்காது, சில நாளோ சில வாரமோ ஆகும். அதற்குள் தினமும் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

உள்ளே இருந்தும் தேடலில் கண்ணில் படவில்லை என்றால் தலைப்புகளைப் பாருங்கள். சித்தி 'அம்மா கைப்பக்குவம் - 14' என்று தலைப்பு வைத்திருந்தார். அழகான தலைப்புதான், ஆனால் அதை யாரும் தேட மாட்டார்கள். 'கருணைக்கிழங்கு மசியல்' என்றுதான் தேடுவார்கள். அதிலும் ஒருவர் வத்தக்குழம்பு என்பார், இன்னொருவர் வத்தல் குழம்பு என்பார், வற்றல் குழம்பு என்று இலக்கணமாக அடிப்பவரும் உண்டு. தலைப்பில் ஒன்றை வைத்து, முதல் பத்தியில் "எங்கள் ஊரில் இதை வத்தல் குழம்பு என்போம்" என்று பேச்சோடு பேச்சாக இன்னொன்றைச் சொல்லிவிட்டால் போதும். வரிக்கு வரி திணிக்க வேண்டாம், படிப்பவருக்கு எரிச்சல் வரும். பிளாகரில் தேடல் விளக்கம் என்ற வசதியை செட்டிங்ஸில் ஒருமுறை இயக்கிவிட்டால், ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி எழுதச் சிறு பெட்டி வரும். அதையும் மனதார எழுதுங்கள்.

முகவரி புரியாத மொழியில் இருக்கிறது

பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரியில் அது வராது. 'பிளாக்-போஸ்ட்' என்றும் பின்னால் ஒரு எண்ணும்தான் வரும். வெளியிடுவதற்கு முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'கருணை-மசியல்' மாதிரி சுருக்கமாக அடித்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமென்றால் வரைவுக்குத் திருப்பித்தான் மாற்ற முடியும், பழைய முகவரியைப் பகிர்ந்தவர்களின் சுட்டியெல்லாம் அறுந்துவிடும். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால் 'கஸ்டம் ரீடைரக்ட்' பகுதியில் பழையதிலிருந்து புதியதற்கு வழி போட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே முகவரியில் எடுத்துக்கொள்ளும், ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு குறியையும் சதவீதக் குறி போட்ட ஒன்பது எழுத்தாக மாற்றி வைக்கும். 'தமிழ்' என்ற சொல் மட்டுமே 45 எழுத்து. மொத்தம் 200-ஐத் தாண்டினால் வெட்டிவிடும். 'கருணைக்கிழங்கு மசியல் செய்வது எப்படி' என்று வைத்தால் முகவரி 'கருணைக்கிழங்கு-மசியல்-செ' என்பதோடு நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் ஒரு முழம் நீளத்துக்குச் சதவீதக் குறியாக வந்து, பார்ப்பவர் ஏதோ வைரஸ் சுட்டி என்று தொடாமல் போய்விடுவார். பழையதை விட்டுவிடுங்கள், இனி எழுதுவதற்குச் சிறிய முகவரியாகக் கொடுங்கள்.

'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் சொல்கிறது, அல்லது தளமே இல்லை என்கிறது

2018 ஜூலையில் வந்த குரோம் 68-லிருந்து, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாத எல்லாத் தளத்துக்கும் இந்த எச்சரிக்கை வருகிறது. பிளாகரில் செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பொத்தான், இரண்டையும் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். சொந்த ஹோஸ்டிங் என்றால் அதற்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. ஆனால் இதன் ஆயுள் குறைவு, தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்று ஹோஸ்டிங்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தளமே காணோம் என்றால் டொமைன் காலாவதியாகியிருக்கலாம். இதில் மட்டும் தாமதம் கூடாது. டாட் காம் முகவரி காலாவதியான பிறகும் சில வாரம் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கொடுப்பார்கள், அந்த நாள் கணக்கு விற்றவரைப் பொறுத்தது. அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அபராதம் பெரிதாக இருக்கும். அதுவும் போனால் 5 நாளில் அழிந்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். என் நண்பர் ஒருவர் பன்னிரண்டு வருடம் கவிதை எழுதிய முகவரியில் இன்றைக்குச் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சல் அவர் படிக்காமல் விட்ட பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பின்னூட்டம் வருவதில்லை, அல்லது குப்பையாக வருகிறது

"எழுதினேன், போகவே மாட்டேங்குது" என்று வாசகர் சொன்னால் நம்புங்கள். பிளாகரில் பதிவுக்குக் கீழேயே பதிந்திருக்கும் பெட்டி, மூன்றாம் தரப்புக் குக்கீயை (வேறொரு தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) தடுக்கும் பிரவுசர்களில் சரியாக வேலை செய்யாது. அனுப்பு என்று அழுத்தினால் எழுதியது மாயமாகிவிடும். பின்னூட்டப் பெட்டியின் இடத்தை முழுப் பக்கம் அல்லது தனி ஜன்னல் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

குப்பைக்கு நான் செய்வது: புதிய பதிவுகளுக்குத் தடையே இல்லை, 14 நாளுக்கு மேல் பழையதானால் மட்டும் நான் பார்த்த பிறகே வெளியாகும். குப்பையெல்லாம் பழைய பதிவுக்குத்தான் வரும். ஆனால் பழைய பதிவுக்கு வரும் நல்ல பின்னூட்டம்தான் எனக்கு ரொம்பப் பிரியமானது, எங்கோ தேடி வந்து நின்று படித்து எழுதியவர் அவர். அதனால் மூடிவிடாதீர்கள், வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பிளாகரின் பழைய 'மின்னஞ்சலில் பெறுங்கள்' என்ற பெட்டி இன்னும் இருந்தால் உடனே எடுங்கள். அதன் வழியாகப் பதிவுகளை அனுப்பிவந்த, கூகுளின் ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சேவை 2021-இலேயே நின்றுவிட்டது. வாசகர் முகவரி கொடுத்துவிட்டு எதுவும் வராமல் காத்திருப்பார்.

படங்கள் காணவில்லை, சுட்டிகள் செத்துவிட்டன

படத்தை வேறு தளத்தில் வைத்து இங்கே காட்டியிருந்தால் என்றைக்காவது போகும். 2017-ல் போட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் வெளித்தளங்களில் இலவசமாகக் காட்டுவதை நிறுத்தியபோது ஏராளமான வலைப்பூக்களில் படம் இருந்த இடமெல்லாம் வெற்றுப் பெட்டியானது. பிளாகரிலேயே ஏற்றிய படங்கள் கூகுள் கணக்கின் ஆல்பத்திலும் தெரியும் காலம் இருந்தது, இது எதற்கு இரண்டு தடவை என்று அங்கே அழித்தவர்களுக்கு வலைப்பூவிலும் போனது. வேபேக் மெஷினில் உங்கள் பதிவின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், எழுத்தோடு படமும் கிடைப்பதுண்டு. சித்தியின் 2011 முறுக்குப் பதிவில் ஆறு படத்தில் நாலு அங்கிருந்துதான் வந்தது.

வெளிச்சுட்டிகளில் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது, அதிகம் பேர் படிக்கும் இருபது பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஒரு செய்திக்குச் சுட்டி கொடுத்தால், பத்திரிகை பெயர், தேதி, செய்தியின் சாரம் மூன்றையும் பதிவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

டேஷ்போர்டுக்குள் நுழைய முடியவில்லை

எந்த மின்னஞ்சலில் தொடங்கினோம் என்பதே மறந்திருக்கும். பழைய போன், பழைய டைரி, பின்னூட்டம் வந்ததாகச் சொன்ன பழைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேடுங்கள். உள்ளே போக முடிகிறவர்கள் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள்: 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் உங்களுடைய இன்னொரு கணக்கையோ, மகன் மகள் கணக்கையோ அழைத்து, அவர்களையும் அட்மின் ஆக்கிவிடுங்கள். இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்குகளை நீக்கும் விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுதியவர் காலமான பிறகு வீட்டார் உள்ளே நுழைய வழி தெரியாமல் நிற்பதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். சித்தியின் வலைப்பூவில் இப்போது அவர் மகளும் அட்மின்.

எல்லாம் சரியாக இருக்கிறது, எழுதத்தான் வரவில்லை

இதையும் ஒரு பழுதாகவே எடுத்துக்கொண்டு தேடலாம். வரைவுகள் பகுதியைத் திறங்கள். பாதியில் நிற்கும் பதிவுகளில் எது இன்னும் உங்களுக்கே படிக்கப் பிடிக்கிறது? அதை முடியுங்கள். வரைவு எதுவும் இல்லையென்றால், பழைய பதிவு ஒன்றை எடுத்து, இன்றைக்கு அதில் எது மாறியிருக்கிறது என்று கீழே தேதி போட்டு ஒரு பத்தி சேருங்கள். தினமும் எழுதுவேன் என்று சபதம் போட்டவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள், மாதம் ஒன்று எழுதுபவர்கள் பதினைந்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவும் முடியாவிட்டால் பின்னூட்டங்களுக்குப் போங்கள். சித்தி நாலு வருடமாக ஒன்றும் எழுதவில்லை, எல்லாவற்றையும் எழுதியாயிற்று என்பார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தடுத்து வைத்திருந்த பின்னூட்டங்களில் குப்பையைத் தள்ளிக்கொண்டே வரும்போது, 2016-ல் யாரோ கேட்டிருந்த ஒன்று அகப்பட்டது: "அம்மா, நீங்க சொன்னபடியே மசியல் செஞ்சேன், நாக்கு அரிக்குது, புளியை எப்போ சேர்க்கணும்?" சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அரிசி களைஞ்ச தண்ணியில வேகவைக்கணும்னு நான் எழுதவே இல்லையேடா, கிழங்கு பழசா புதுசான்னு பார்க்கணும்னும் சொல்லலை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னூட்டத்தில் நாலு வரி பதில் எழுத ஆரம்பித்தது இரண்டு பக்கமாக நீண்டது. அதை வெட்டி புதிய பதிவில் ஒட்டி, தலைப்பில் 'கருணைக்கிழங்கு அரிக்காமல் இருக்க' என்று நான் அடிக்க, பெர்மாலிங்க் பெட்டியை அவரே திறந்தார்.